கேட்டு வராத கடன்

கடந்த நோன்புப் பெருநாளைக்கு முந்திய வாரம் பக்கத்துக் கடை நண்பர் ஒருவர் தனது கணக்குக் கொப்பியைப் புரட்டிக் கொண்டிருந்தார். அதில் ஒரு பாக்கியைக் கண்டேன். மொத்த வியாபாரி ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய பணம். இரண்டு வருடங்களாக அப்படியே கிடக்கிறது. சரக்குக் கொண்டு வந்த ரெப் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு அந்தப் பில்லைப் பற்றித் தெரியாது.

“ஏன் இன்னும் கொடுக்கவில்லை?” என்று கேட்டேன்.

“அவங்க கேக்கல்லயே நானா. உட்டிருப்பாங்க” என்றார்.

அவர் நல்ல மனிதர். ஐந்து நேரமும் பள்ளியில் நிற்பவர். களவு எடுக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு மருந்துக்கும் இல்லை. “கேட்கவில்லை, ஆகவே விட்டுவிட்டார்” என்ற கணக்கு மட்டுமே அவரிடம் இருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தக் கணக்கு நம்மில் பலரிடம் இருக்கிறது. என்னிடமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிரவு எனக்கு ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவித்து ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள சம்பவம். பனூ இஸ்ராயீல் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவர் இன்னொருவரிடம் ஆயிரம் தீனார் கடன் வாங்குகிறார். அல்லாஹ்வே சாட்சி, அல்லாஹ்வே பிணை என்பது பேச்சு. கடன் வாங்கியவர் கடல் கடந்து போகிறார். தவணை வந்ததும் திரும்பி வர கப்பல் தேடுகிறார். கிடைக்கவில்லை. கடன் கொடுத்தவரோ மறுகரையில். அவரால் வந்து கேட்கவும் முடியாது. கடன் வாங்கியவர் ஒரு மரக்கட்டையைக் குடைந்து பணத்தையும் கடிதத்தையும் உள்ளே வைத்து அடைத்து, அல்லாஹ்விடம் பாரம் சாட்டிக் கடலில் விடுகிறார். விறகுக்கென்று அந்தக் கட்டையை எடுத்தவர், கடன் கொடுத்த அதே மனிதர். பின்னர் கப்பல் கிடைத்ததும் கடன்பட்டவர் இன்னுமோர் ஆயிரம் தீனாருடன் வந்து நிற்கிறார்.

நபி (ஸல்) அவர்கள் நமக்கு முன்மாதிரியாகச் சொன்ன அந்த மனிதர் இஸ்ராயீல் சமூகத்தவர். அப்படியானால் அந்தச் சமூகத்தவரின் சட்ட நூல்கள் இந்த விடயத்தில் என்ன சொல்கின்றன? கேட்டு வராத கடனை அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? அதைத் தேடிப் படித்ததன் சாரமே இவ்வாரக் கட்டுரை.

பலஸ்தீனத்தில் நடப்பவற்றைப் பார்த்து நெஞ்சு கொதிக்கும் காலத்தில் யூதர்களின் சட்டத்தை எதற்கு எழுதுகிறீர் என்று சிலர் கேட்கலாம். ஓர் அரசாங்கம் செய்யும் அநியாயம் வேறு. ஒரு மார்க்கத்தின் பழைய சட்ட நூல் வேறு. அல்குர்ஆனும் வேதக்காரர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்கவில்லை. ஒரு குவியல் பொருளை நம்பி ஒப்படைத்தாலும் திருப்பித் தருபவர் அவர்களில் உண்டு என்றும், ஒரு தீனாரைக்கூட நீங்கள் தலைமாட்டில் நின்று கொண்டே இருந்தால்தான் தருபவரும் உண்டு என்றும் ஆலஇம்ரான் அத்தியாயத்தின் 75ஆம் வசனம் இரு வகையினரையும் காட்டுகிறது. கேட்டால்தான் கொடுப்பவன், கேட்காமலே கொடுப்பவன் என்ற வித்தியாசமே நமது தலைப்பும்.

அவர்களது சட்ட நூல்கள்

யூதர்களின் சட்டத்துக்கு அடிப்படை தவ்றாத். அதன் மேல் வாய்மொழியாக வந்த தீர்ப்புகளைச் சுமார் கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுத்த நூல் மிஷ்னா. மிஷ்னாவைப் பற்றி ஈராக்கின் அறிஞர்கள் பல தலைமுறைகளாக நடத்திய விவாதங்களின் தொகுப்பு பாபிலோனியத் தல்மூத். பிற்காலத்தில் மூஸா இப்னு மைமூன் இவற்றை ஒழுங்குபடுத்தி ஒரு பெரிய சட்டக் கோவை எழுதினார். 1138ஆம் ஆண்டு அந்தலூஸின் குர்துபாவில் பிறந்து, 1204இல் எகிப்தில் மரணித்தவர். ஸலாஹுத்தீன் ஐயூபியின் அரசவை வட்டாரத்தில் வைத்தியராக இருந்தவரும் இவரே. இவருடைய சகோதரர் ஒரு வியாபாரி. இந்து சமுத்திரத்தில் கப்பலோடு மூழ்கிப் போனார். தங்கள் பணமும் பிறருடைய பணமும் அவரோடு போனதாக இப்னு மைமூன் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். கடன் என்றால் என்னவென்று அனுபவித்து அறிந்த குடும்பம். அதன் பின்னர் யோஸேப் காரோ என்பவர் பலஸ்தீனின் ஸபத் நகரில் எழுதிய ‘ஷுல்ஹான் ஆருஹ்’ என்ற கோவை 1565இல் வெனிஸ் நகரில் அச்சானது. இன்றுவரை யூத மார்க்க நீதிமன்றங்கள் கொடுக்கல் வாங்கலுக்கு அதன் நான்காம் பகுதியையே முதலில் புரட்டுகின்றன.

கடன் தீர்ப்பது யாருக்குச் செய்யும் கடமை?

தல்மூதில் ஒரு சுவையான கேள்வி வருகிறது. நான்காம் நூற்றாண்டில் ஈராக்கில் வாழ்ந்த ரப் பாப்பா என்ற அறிஞர், கடனைத் திருப்பிக் கொடுப்பது இறைகட்டளை என்று சொல்லி வந்தார். அவரும் வியாபாரம் செய்து பொருளீட்டியவர்தான். அவரிடம் இன்னோர் அறிஞர் மடக்கிக் கேட்டார்: கட்டளை என்கிறீர்களே, கடன்பட்டவன் எனக்கு அந்த நன்மை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது?

ரப் பாப்பாவின் பதில்: பெருநாட்களுக்குரிய மற்றக் கட்டளைகளைச் செய்ய மறுப்பவனை எப்படிக் கட்டாயப்படுத்துவோமோ, அப்படியே இவனையும் கட்டாயப்படுத்துவோம்.

இந்தப் பதிலின் கனதியைக் கவனியுங்கள். நாம் கடனை இரண்டு பேருக்கு இடையிலான விவகாரமாக மட்டும் நினைக்கிறோம். அவன் கேட்பான், நான் கொடுப்பேன். அவன் கேட்காவிட்டால் விடயம் முடிந்தது. இவர்களோ மூன்றாவதாக இறைவனையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். அவனுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று ஆகிவிட்டால், கடன் கொடுத்த மனிதன் மறந்தாலும் தூங்கினாலும் கடமை தூங்காது.

மௌனத்துக்கு எத்தனை அர்த்தம்?

கடன் கொடுத்தவர் கேட்காமல் இருக்கிறார். இதை எப்படி விளங்குவது? அவர்களது சட்டம் மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. ஒன்று, காத்திருத்தல். இரண்டு, நம்பிக்கை இழத்தல். மூன்று, மன்னித்தல்.

முதலாவது, அவர் காத்திருக்கிறார். வெட்கத்தினாலோ, உறவு முறிந்துவிடும் என்ற பயத்தினாலோ, நமது கையில் இல்லை என்ற இரக்கத்தினாலோ பேசாமல் இருக்கிறார். ஷுல்ஹான் ஆருஹ் தெளிவாகச் சொல்கிறது: கடன் பத்திரம் வைத்திருப்பவர் எத்தனையோ வருடங்கள் கேட்காமல் இருந்தாலும், கேட்கவில்லை என்பதற்காக அவர் மன்னித்துவிட்டார் என்று நாம் சொல்லமாட்டோம். மிகப் பழைய பத்திரம் என்றால் இவ்வளவு காலமும் ஏன் வெளியே வரவில்லை, இதில் மோசடி ஏதும் உண்டா என்று நீதிபதி நன்றாகத் துருவ வேண்டும் என்பார்கள். ஆனால் காலம் போனது என்ற காரணத்துக்காக மட்டும் கடன் செத்துப் போவதில்லை.

இரண்டாவது, அவர் நம்பிக்கை இழந்துவிட்டார். “இனி அந்தக் காசு வராது” என்று நாலு பேர் கேட்கச் சொல்லியும் விட்டார். அப்போது என்ன? வீதியில் தொலைந்த பொருளைச் சொந்தக்காரர் கைவிட்டுவிட்டால் கண்டெடுத்தவர் வைத்துக் கொள்ளலாம் என்பது அவர்களது சட்டத்தில் உண்டு. கடனுக்கு அது பொருந்தாது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மனம் நொந்து சொன்ன சொல்லை மன்னிப்பு என்று எழுதிக்கொள்ள முடியாது.

மூன்றாவது, அவர் உண்மையாகவே மன்னித்துவிட்டார். இது செல்லும். அதற்குப் பத்திரமோ சாட்சியோ தேவையில்லை. வாயால் சொன்னாலே போதும். ஆனால் தவறான விளக்கத்தில் கொடுத்த மன்னிப்பு மன்னிப்பாகாது. பாக்கி ஐயாயிரம் என்று நினைத்து “சரி, விடு” என்கிறார். உண்மையில் பாக்கி ஐம்பதாயிரம். நமக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த விடுதலை செல்லாது.

காத்திருப்பது வேறு, மன்னிப்பது வேறு. முழு விடயத்தின் சாவியும் இதுதான். மௌனம் தவணையை நீட்டலாம். கடனை அழிக்காது.

தவணை வந்ததும் கேட்காமலே கொடுக்க வேண்டுமா?

இதில் அவர்களுடைய பிற்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தவணை நாள் வந்தவுடன் கடமை வந்துவிடுகிறது என்பர் சிலர். கேட்கும்போதுதான் உடனே கொடுக்கும் கடமை. கேட்காதிருந்தால் கொஞ்சம் பொறுப்பதற்குச் சம்மதம் என்று எடுத்துக் கொள்ளலாம் என்பர் வேறு சிலர். கடன் கழுத்திலிருந்து இறங்கிவிட்டது என்று சொல்பவர் இரு தரப்பிலும் இல்லை.

தவணை பேசாத கைமாற்றுக்கு முப்பது நாள் என்பது தல்மூதின் கணக்கு. ஆனால் ஓர் ஊரில் வேறு வழக்கம் இருந்தால் அந்த வழக்கமே சட்டம் என்று இப்னு மைமூன் எழுதுகிறார்.

கூலி விடயத்தில் இன்னும் கடுமை. வேலைக்காரனின் கூலியை அன்றன்றே கொடுக்க வேண்டும் என்பது தவ்றாத்தின் கட்டளை. அவன் கேட்டும் கொடுக்காவிட்டால் அந்தக் கட்டளையை மீறிய குற்றம் சேரும். அவன் கேட்காதிருந்தால் அந்தக் குறிப்பிட்ட குற்றம் சேராது என்கிறது மிஷ்னா. அதற்காகக் கூலி இல்லாமல் போய்விடாது. இங்கே நமக்குக் குகையில் அகப்பட்ட மூவரின் ஹதீஸ் நினைவுக்கு வர வேண்டும். கூலியை வாங்காமல் போன வேலைக்காரனின் பங்கை முதலாளி பெருக்கி, அவன் வருடங்கள் கழித்து வந்தபோது மந்தை மந்தையாக ஒப்படைத்தாரே, அவரும் முன் சென்ற சமூகத்தவர்தான்.

கடைக் கடனும் ஏழாம் ஆண்டும்

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு பகுதி இது. தவ்றாத்தின்படி ஒவ்வொரு ஏழாம் ஆண்டின் முடிவிலும் யூதர்களுக்கு இடையிலான கடன்கள் விடுபட்டுவிடும். கடன் கொடுத்தவர் பிறகு வசூலிக்க முடியாது. கடைசியாக அந்த ஏழாம் ஆண்டு 2022 செப்டெம்பரில் முடிந்தது. அடுத்தது 2028 செப்டெம்பரில் தொடங்கும்.

ஏழைக்கு விடுதலையாக வந்த சட்டம் காலப்போக்கில் ஏழைக்கே இடைஞ்சலானது. ஏழாம் ஆண்டு நெருங்கும்போது யாரும் கடன் கொடுக்க முன்வரவில்லை. ஈஸா (அலை) அவர்களின் காலத்துக்குச் சற்று முன்னர் வாழ்ந்த ஹில்லல் என்ற பெரிய அறிஞர் இதைக் கண்டு ‘ப்ரொஸ்புல்’ என்ற பத்திர முறையை ஏற்படுத்தினார். கடன் கொடுத்தவர் தனது கடன்களை நீதிமன்றத்தின் பொறுப்பில் விடுவதாக எழுதிவிட்டால், ஏழாம் ஆண்டு அவற்றை அழிக்காது. இன்றும் அந்தப் பத்திரம் எழுதுபவர்கள் இருக்கிறார்கள்.

மிஷ்னா இன்னுமொன்று சொல்கிறது. கடையில் பற்றெழுதி வாங்கிய சாமான் கடனை ஏழாம் ஆண்டு அழிக்காது. அதைத் தனிக் கடனாக மாற்றி எழுதினால்தான் அழியும். கூலிப் பாக்கிக்கும் இதே சட்டம். கடைக்காரனின் பற்றுக் கொப்பி வேறு, கைமாற்று வேறு என்பதை 1800 வருடங்களுக்கு முன்னரே பிரித்து எழுதியிருக்கிறார்கள்.

கடன் சட்டப்படி அழிந்துவிட்டது. கடன் கொடுத்தவர் வாய் திறக்க முடியாது. அந்த நிலையில் கடன்பட்டவர் பணத்தோடு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்தவர், நான் விட்டுவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அப்படி இருந்தும் வாங்கிக் கொள்ளுங்கள் என்று இவர் சொன்னால் அவர் வாங்கலாம். இப்படி ஏழாம் ஆண்டு கடந்த பின்னும் கடனைத் தீர்ப்பவனைப் பார்த்து அறிஞர்களின் உள்ளம் மகிழ்கிறது என்று மிஷ்னா எழுதி வைத்திருக்கிறது. அதே இடத்தில், சட்டம் கட்டாயப்படுத்தாத போதும் வியாபாரத்தில் சொன்ன சொல்லைக் காப்பவனைப் பார்த்தும் அறிஞர்களின் உள்ளம் மகிழ்கிறது என்றும் சேர்த்திருக்கிறார்கள்.

சந்தேகமான பாக்கி

நமது கடைகளில் அடிக்கடி வரும் தலையிடி இது. கொடுத்தேனா, கொடுக்கவில்லையா? கொப்பியில் இல்லை, நினைவிலும் இல்லை.

மிஷ்னாவின் தீர்ப்பு இரண்டு வகை. கடன் வாங்கியது உறுதி, திருப்பிக் கொடுத்ததுதான் சந்தேகம் என்றால் கொடுத்தே ஆக வேண்டும். கடன் வாங்கினேனா என்பதே சந்தேகம் என்றால் நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. ஆனால் தல்மூத் அந்த இரண்டாவது நிலையிலும் ஒரு வார்த்தை சேர்க்கிறது. கடன் கொடுத்தவர் உறுதியாகக் கேட்கிறார், இவருக்கு நினைவில்லை. வானத்து நீதிமன்றத்திலும் கை சுத்தமாக வர விரும்புபவர் கொடுத்துவிட வேண்டும்.

பூமியில் ஒரு நீதிமன்றம், வானத்தில் ஒரு நீதிமன்றம் என்ற இந்த இரட்டைக் கணக்கு அவர்களது சட்டத்தில் பல இடங்களில் வருகிறது. நீதிபதி விடுதலை செய்தாலும் மற்றக் கணக்குத் திறந்தே இருக்கும். மறுமையை நம்பும் நமக்கு இதைப் புதிதாக விளக்கத் தேவையில்லை.

சொந்தக்காரர் யாரென்றே தெரியாவிட்டால்?

பைத்துல் முகத்தஸ் நகரில் ஆலயம் இருந்த காலத்து வியாபாரிகள் சிலரைப் பற்றித் தல்மூதில் ஒரு செய்தி உண்டு. அபா ஷாவுல் என்பவர் திராட்சை மது விற்றவர். அளக்கும்போது நுரை எழும்பும். நுரை அடங்கினால் வாங்கியவருக்குச் சொட்டுக் குறையும். அந்தச் சொட்டுகளை அவர் தனியாகச் சேர்த்து வைத்தார். 300 ஜாடி சேர்ந்தது. அவருடைய சகாக்கள் எண்ணெய் வியாபாரிகள். அளவைப் பாத்திரத்தில் ஒட்டி நின்று பின்னர் வடிந்த எண்ணெயைச் சேர்த்து அவர்களும் 300 ஜாடி கொண்டு வந்தார்கள். ஆலயப் பொருளாளர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்களோ, இதை நீங்கள் கொண்டு வரவே தேவையில்லை என்றார்கள். வாங்கியவர்கள் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள் என்பது அவர்களது கருத்து. எங்களுக்கு இது வேண்டாம் என்று வியாபாரிகள் மறுத்துவிட்டார்கள். அப்படியானால் பொதுத் தேவைக்குச் செலவழியுங்கள் என்று முடிவானது. பொதுத் தேவை என்றால் எல்லோரும் தண்ணீர் அள்ளக்கூடிய கிணறு, குளம் போன்றவை. காரணம் அழகானது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று தெரியாதபோது, எல்லோரும் பயன்பெறும் ஒன்றில் போட்டால் உரியவருக்கும் அதில் ஒரு மிடறு போய்ச் சேரலாம்.

மது நமக்கு ஹராம். அந்த அளவுப் பாத்திரத்தின் மீதிருந்த பயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். தராசுத் தட்டில் ஒட்டும் சீனியையும் பருப்பையும் பற்றி நாம் இப்படி யோசித்திருக்கிறோமா?

கடன் கொடுத்தவர் மௌத்தாகிவிட்டால் கடன் அவருடைய வாரிசுகளுக்குப் போகிறது. கடன்பட்டவர் இறந்தால், தகப்பனின் கடனைத் தீர்ப்பது பிள்ளைகளுக்குக் கடமை என்கிறது தல்மூத். ஆரம்ப காலத்தில் நீதிமன்றம் வாரிசுகளின் காணியிலிருந்து மட்டுமே அறவிடும். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈராக்கின் யூத அறிஞர்கள் அதை மாற்றி, தகப்பன் விட்டுச் சென்ற அசையும் பொருளிலிருந்தும் அறவிடலாம் என்றார்கள். அப்பாஸிய கலீபாக்களின் காலம் அது. யூதர்களில் பலர் காணியை விட்டு வியாபாரத்துக்கு வந்திருந்தார்கள்.

கடன் கொடுத்தவருக்கும் கட்டுப்பாடு

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டுக் கடன் கொடுத்த முதலாளிமார் உற்சாகப்பட வேண்டாம். கடன்பட்டவரின் கையில் இல்லை என்று தெரிந்தால் அவரை நெருக்கக் கூடாது. பணம் கேட்காவிட்டாலும் அவர் முன்னால் போய் நின்று அவரை வெட்கப்படுத்தவும் கூடாது என்கிறது தல்மூத். இப்னு மைமூன் இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கிறார். இல்லாதவனை நெருக்குவது தடை. இருக்கிறவன் இன்று போய் நாளை வா என்று சொல்வதும் தடை. கடன் வாங்கித் தேவையில்லாமல் அழித்து, கொடுத்தவர் அறவிட வழியில்லாமல் ஆக்குவதும் தடை. கஷ்டப்படுபவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் சொல்வதும், வசதியுள்ளவன் இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் இதே இரண்டு தட்டுகள்தான்.

வித்தியாசங்களும் உண்டு. கடன் தீர்க்கும்போது பேசிக்கொள்ளாமல் மனமுவந்து கொஞ்சம் கூட்டிக் கொடுப்பது நம்மிடம் நல்ல குணம். அவர்களிடமோ, உன் பணம் என்னிடம் சும்மா கிடந்ததே என்று பிறகு ஒரு அன்பளிப்பு அனுப்புவதுகூட வட்டியின் வாசனை என்று மிஷ்னா தடுத்திருக்கிறது.

நாட்டுச் சட்டம்

நமது நாட்டில் காலாவதி பற்றிய 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. பொதுவாக, எழுத்து மூல ஒப்பந்தக் கடனுக்கு வழக்குப் போட ஆறு வருடம். வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். விற்றுக் கொடுத்த சரக்கு, கடைப் பில், கொப்பிக் கடன் என்பவற்றுக்கு ஒரே ஒரு வருடம். என் நண்பரின் இரண்டு வருடப் பாக்கிக்கு நீதிமன்றக் கதவு அநேகமாக மூடியிருக்கும்.

இஸ்ரேலில் 1958இல் இயற்றப்பட்ட காலாவதிச் சட்டமும் காணி தவிர்ந்த வழக்குகளுக்கு ஏழு வருடம் வைத்திருக்கிறது. ஆனால் காலம் கடந்தால் வழக்குத்தான் போகும், உரிமை தானாக அழிந்துவிடாது என்று அதே சட்டம் சொல்கிறது. பழைய மார்க்கச் சட்டத்தோடு ஒத்துப் போகும் பேச்சு. கதவு மூடியதால் கடன் தீரவில்லை. தட்டுவதற்கு இடமில்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான்.

எனது கொப்பி

இனி என் கதை. வாப்பாவின் பழைய கணக்குக் கொப்பியில் ஒரு பாக்கி இருந்தது. 6,740 ரூபா. கொழும்பு நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்த ஒரு தமிழ் முதலாளிக்குக் கொடுக்க வேண்டியது. செத்தல் மிளகாய், பருப்பு, வெங்காயம் எடுத்த பில். 1983 ஜூலையில் அவருடைய கடை எரிந்தது. அவர் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டார் என்று கேள்வி. வாப்பா விசாரித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. மௌத்தாவதற்கு முன் அந்தப் பக்கத்தைக் காட்டி, “இது நம்மட காசில்ல மகன்” என்று சொன்னார்.

நானும் ஒன்றிரண்டு பேரிடம் கேட்டேன். பிறகு விட்டுவிட்டேன். பயணக் கஷ்டம், யுத்தம் என்று காரணங்கள் இருந்தன. உள்ளுக்குள் இருந்த காரணம் வேறு. யாரும் கேட்டு வரவில்லை. நண்பரைக் கண்டித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வராததற்கு இதுவே காரணம்.

இம்முறை ஒழுங்காகத் தேடினேன். பழைய புறக்கோட்டை வியாபாரி ஒருவரின் மூலம் திருச்சியில் இருக்கும் அவருடைய மகளின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. தகப்பன் மரணித்து நீண்ட காலமாகிவிட்டது. விடயத்தைச் சொன்னேன். “எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா, கொப்பியெல்லாம் கடையோட எரிஞ்சு போச்சு” என்றார். கேட்க அவரிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. ஒருபோதும் கேட்டிருக்க முடியாது.

பில்லில் இருந்த சாமான்களை வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அது அப்பான்ர எழுத்திலயா இருக்கு?” என்று கேட்டார். ஆம், கையெழுத்தும் இருக்கிறது என்றேன். காசை விட முதலில் அந்தப் பில்லை அனுப்பச் சொன்னார்.

ஆலிம் ஒருவரிடம் கேட்டேன். கடன் 6,740 ரூபாதான். அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது உங்கள் இஷ்டம் என்றார். இரண்டையும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பி வைத்தேன். பில்லையும் அனுப்பினேன். வாப்பாவின் கொப்பியில் அந்த வரிக்குக் குறுக்கே கோடு போட்டது நான்தான். போட வேண்டிய காலத்தில் போட்டிருந்தால் அவரே இருந்து வாங்கியிருப்பார்.

நாம் செய்யக்கூடியவை

நோன்போ, ஸகாத் கணக்கோ, வருட முடிவோ, ஏதாவது ஒரு நாளைக் குறித்து வையுங்கள். அன்று வர வேண்டிய கடனைப் பார்ப்பதற்கு முன் கொடுக்க வேண்டிய கடனைப் பாருங்கள். கேட்டு வராதவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். நாம் மௌத்தானாலும் பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும்.

ரெப் மாறியிருந்தால், கொம்பனி கைமாறியிருந்தால், நீங்களே அழைத்துச் சொல்லுங்கள். தலைமைக் காரியாலயத்தில் செலுத்திப் பற்றுச்சீட்டு எடுங்கள். இன்னொருவரிடம் கொடுத்தனுப்புவதாயின் யாரிடம் கொடுப்பது என்று கடன் கொடுத்தவரிடமே கேளுங்கள். யூத சட்டத்தில், அவர் நியமிக்காத ஆளிடம் நீங்களாகக் கொடுத்தனுப்பி வழியில் தொலைந்தால் பொறுப்பு உங்களுடையதே. மரக்கட்டையில் ஆயிரம் தீனாரை அனுப்பியவர் இன்னோர் ஆயிரத்தோடு போய் நின்றதும் இதனால்தான்.

கையில் இல்லாவிட்டால் ஒளியாதீர்கள். இல்லை என்பதையும் எப்போது தருவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்பதாயின் சரியான தொகையைச் சொல்லிக் கேளுங்கள். முகத்துக்கு அஞ்சி அவர் தலையாட்டும் இடத்தில், சபை நடுவில் கேட்காதீர்கள்.

உரியவரைத் தேடிக் கிடைக்காவிட்டால் ஆலிம்களிடம் கேட்டு அவர்கள் சொல்லும் வழியில் செலவழியுங்கள். ஆனால் முதலில் உண்மையாகத் தேடுங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலையை நாற்பது வருடம் இழுத்த ஒருவன் சொல்கிறேன்.

பக்கத்துக் கடை நண்பர் இதை வாசிப்பார் என்று தெரியும். அவரிடம் கேட்டே எழுதினேன். போன வாரம் அந்தக் கொம்பனிக்கு அழைத்தாராம். அவர்களுடைய கணக்கிலும் அந்தப் பில் இருந்திருக்கிறது. வசூலிக்க வராமல் போன ரெப்பின் பெயரில் பற்றெழுதி, அவருடைய கடைசிச் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள்.

நண்பர் இப்போது அந்தப் பையனைத் தேடிக் கொண்டிருக்கிறார். அல்லாஹ் அவருக்கு இலேசாக்கி வைப்பானாக. நம் எல்லோரையும் கடன் சுமை இல்லாத நிலையில் கைப்பற்றுவானாக. ஆமீன்.